நிழலூரில் செத்தவர்கள்

வடகரைக்குப் பூஜ்யம் விழுந்தது.

புயல் கரை கடந்த மறுநாள் காலையில், ஊர் நுழைவாயிலில் இருந்த காப்புப்பலகை ஒருமுறை மினுங்கி அணைந்தது. மீண்டும் எரிந்தபோது அதில் பச்சை நிறத்தில் ஒரு முட்டை உட்கார்ந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையின் பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. ஆறு குறுகலானது, எழுத்தோ பெரியது. வடகரை நகரத் தலைவர் மரகதவல்லி தன் வீட்டு மொட்டைமாடியில் நின்றபடி இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். அந்த வீட்டில் அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான்.

"நம்ம ஊர்ல எத்தன பேரு செத்தாங்க?" என்று நகரப் பொறியாளர் செபாஸ்டினிடம் கேட்டார்.

"யாருமில்ல தலைவரம்மா. ஒரு ஆடுகூட சாகல."

"பின்ன எதுக்குய்யா பூஜ்யம்?"

"யாரும் சாகல இல்லீங்களா, அதான்."

செபாஸ்டின் கிண்டல் செய்யவில்லை. பலகையில் எண் போடும் காப்புக்கணி என்ற இயந்திரம் வேலை செய்யும் விதமே அப்படி.

அது வருவதற்கு முன்பெல்லாம் புயலில் ஆயிரம் பேர் செத்தால் அமைச்சர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனிதன் எம்மாத்திரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். தூர்வாராத வாய்க்காலுக்கு இயற்கை பொறுப்பு. சாவி தொலைந்துபோன புயல் புகலிடத்துக்கும் இயற்கையே பொறுப்பு. இயற்கை தேர்தலில் நிற்பதில்லை என்பதால் யாரும் தோற்பதும் இல்லை. இப்படியே எத்தனையோ ஊர்களைக் கடலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கடைசியில் மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் இந்த இயந்திரம் வந்தது.

ஒவ்வொரு ஊருக்கும் காப்புக்கணிக்குள் ஒரு நிழலூர் உண்டு. நிஜ ஊரில் இருக்கிற வீடு, மரம், மூட்டுவலிக்காரர், கைக்குழந்தை எல்லாம் அதிலும் இருக்கும். தலைவர் மட்டும் இருக்கமாட்டார். நிஜ ஊரில் அடித்த அதே புயலை நிழலூரிலும் அடிக்கவிடுவார்கள். அங்கே செத்தவர்களிலிருந்து இங்கே செத்தவர்களைக் கழித்தால் வருவது தலைவர் காப்பாற்றிய உயிர்கள். இங்கே கூடுதலாகச் செத்திருந்தால் பலகை சிவப்பாக எரியும். சிவப்பு கண்டவருக்குக் கட்சியில் சீட்டு கிடைக்காது. பக்கத்து வீட்டில் காபிகூடக் கிடைக்காது.

நல்ல இயந்திரம்தான். ஆரம்பத்தில் தலைவர்கள்தான் படுத்தினார்கள். எங்கள் தாத்தா வெட்டிய குளம், எங்கள் கட்சி நட்ட சவுக்குத்தோப்பு என்று ஆளாளுக்குப் பழைய கதையைக் கொண்டுவந்து பங்கு கேட்டார்கள். சண்டை தாங்காமல் வல்லுநர் குழு ஒரு கோடு கிழித்தது. எச்சரிக்கை மணி அடித்த பிறகு செய்ததுதான் கணக்கு. அதற்கு முன் செய்ததெல்லாம் ஊரின் சொத்து, அது நிழலூரிலும் இருக்கும்.

அந்தக் கோடுதான் மரகதவல்லியின் கழுத்தை அறுத்தது. முதல் முறை பதவிக்கு வந்ததுமே அவர் கடலோரக் குப்பத்தை மொத்தமாக மேட்டுக்கு மாற்றியிருந்தார். மீனவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். படகு ஓரிடம், வீடு ஓரிடம் என்றால் எப்படிப் பிழைப்பது என்று அழுதார்கள். அவர் மசியவில்லை. ஆகவே இந்தப் புயலில் நிஜ வடகரைக்காரர்கள் மேட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். நிழல் வடகரைக்காரர்களும் அப்படியே தூங்கினார்கள். பூஜ்யத்திலிருந்து பூஜ்யம் போனால் பூஜ்யம்.

தென்கரைத் தலைவர் குலோத்துங்கன் தன் ஊர்க் குப்பத்தைத் தொடவே இல்லை. அங்கே ஊரைச் சுற்றிப் பழைய கடற்சுவர் ஒன்று உண்டு. குப்பம் அதற்கு வெளியே, அலை தொடும் தூரத்தில் கிடந்தது. மணி அடித்ததும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியோடு இறங்கிவிடுவார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். நடக்க முடியாதவர்களைத் தானே தூக்கி பஸ்ஸில் ஏற்றுவார். கேமரா இருந்தால் இரண்டு முறை ஏற்றுவார்.

இதில் இன்னொரு சங்கடம், அவர் மரகதவல்லிக்குச் சம்பந்தி. மகள் நறுமுகையை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், இருவரும் ஒரே கட்சி. இரண்டு கரைக்கும் சேர்த்துச் சட்டமன்றத் தொகுதி ஒன்றுதான்.

பேரன் செழியனுக்குக் காதுகுத்து தென்கரையில் நடந்தது. மரகதவல்லி சீர்த்தட்டுகளோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேளம் அவருக்காக வாசிக்கவில்லை. "நானூற்றுப் பன்னிரண்டு உயிர் காத்த நம் தலைவர்" என்று ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. குலோத்துங்கனின் கழுத்தே தெரியாத அளவுக்குச் சால்வைகள். சீர்த்தட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் மரகதவல்லியின் மகன், குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன், தூணோரம் நின்றான்.

"வாங்க சம்பந்தி!" குலோத்துங்கன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நீங்க குடுத்துவெச்சவங்க. ஒங்க ஊர்ல ஒண்ணுமே நடக்கமாட்டேங்குது. எங்களுக்குப் புயல்னு ஒண்ணு வந்தா கண்ணுல பொட்டுத் தூக்கம் கெடையாது பாருங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மரகதவல்லியும் சிரித்தார். பந்தியில் உட்கார்ந்தபோது பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவருக்கு வயிறு எரிந்தது. அது பொறாமைதான், வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டியதில்லை. குப்பத்தைத் தண்ணீரில் வைத்திருப்பவன் வீரன், தண்ணீரே தொடாத இடத்தில் வைத்தவள் வேலைவெட்டி இல்லாதவளா?

"ம்மா, மொகத்த ஏன் இப்படி வெச்சிருக்க?" நறுமுகை குனிந்து காதில் சொன்னாள். "எங்க மாமாவுக்கு நாலு பேரு சால்வ போட்டா ஒனக்கென்ன?"

எங்க மாமா என்ற சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மேட்டுக்குப்பத்தின் மீனவர் பஞ்சாயத்துத் தலைவர் கலியமூர்த்தி, கரைக்கே திரும்பிப் போக அனுமதி கேட்டு ஆண்டுதோறும் வருவார். ஆண்டுதோறும் மரகதவல்லி மோர் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். இந்த முறையும் கலியமூர்த்தி வழக்கமான பாட்டைத் தொடங்கினார்.

"எஞ்சினத் தோள்ல சொமந்துக்கிட்டு மேட்டுக்கும் கரைக்கும் நடந்தே பயலுவளுக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு தாயி. கடல் எப்படி இருக்குன்னு பாக்கக்கூட இங்கேருந்து முடியல."

மரகதவல்லி செபாஸ்டின் பக்கம் திரும்பினார். "சும்மா கேக்குறேன். இவங்க கரையில இருந்திருந்தா, போன புயலுக்கு நிழலூர்ல என்ன ஆகியிருக்கும்?"

செபாஸ்டின் கைப்பலகையில் வீடுகளை மேட்டிலிருந்து கரைக்கு இழுத்துவிட்டுப் புயலை ஓட்டினார். "அறுநூறுக்குக் கொறையாதும்மா" என்றார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த வித்தை தெரியும்.

"மக்கள் கேக்குறாங்க" என்றார் மரகதவல்லி. "எத்தன வருஷந்தான் மனசக் கல்லாக்கிக்கிட்டு இருக்குறது?"

கலியமூர்த்தி அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நிமிஷம் மரகதவல்லிக்கே தான் கருணையால்தான் செய்கிறோம் என்று தோன்றியது. பொறாமைக்கு இப்படி ஒரு சாமர்த்தியம் உண்டு, வருகிறபோது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும்.

கரையில் வரிசையாக வீடுகள் எழுந்தன. அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. மணி அடித்ததும் மரகதவல்லி இறங்கினார். பஸ்கள் முன்கூட்டியே திருப்பி நிறுத்தப்பட்டிருந்தன, வீட்டுக்கு ஓர் ஆள் பொறுப்பு, புகலிடத்தில் பாலும் கஞ்சியும் தயார். இவ்வளவு கச்சிதமான வெளியேற்றத்தை அந்தக் கடற்கரை கண்டதில்லை. ஒரே ஒரு பிசகு. கலியமூர்த்தியின் இளைய மகன் புது எஞ்சினைக் கழற்றிவர பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினான். திரும்பி வரவில்லை.

மறுநாள் வடகரைப் பலகையில் அறுநூற்று முப்பத்தேழு எரிந்தது. தென்கரையில் முந்நூற்றுத் தொண்ணூறு. ஊரே வெடி வெடித்தது.

கலியமூர்த்தி வந்தார். மரகதவல்லி எழுந்து நின்றுவிட்டார், அடிப்பாரோ என்றுகூட நினைத்தார். அந்த மனிதர் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார்.

"அவன் விதி தாயி, அவன் போயிட்டான். நீங்க இல்லேன்னா எங்க கூட்டமே போயிருக்கும். பலகையில போட்டுருக்கே."

மேட்டில் இருந்திருந்தால் அவன் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பான். மரகதவல்லிக்கு அது தெரியும், செபாஸ்டினுக்குத் தெரியும். பலகைக்குத் தெரியாது. அவர் கலியமூர்த்தியைத் தூக்கி நிறுத்தி, மோர் கொடுத்து அனுப்பினார். அன்று மாலை மாடிக்குப் போய் ஆற்றின் இரண்டு பக்கமும் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டில் எது கூடுதல் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

குலோத்துங்கன் பழத்தட்டோடு வந்து வாழ்த்தினார். பேச்சு சிரிப்பாக இருந்தாலும் கண் பலகையையே சுற்றியது. "எப்புடி சம்பந்தி ஒரேயடியா இவ்வளவு?" என்று இரண்டு முறை கேட்டார். "மக்கள் ஒத்துழைச்சாங்க" என்று மரகதவல்லி இரண்டு முறையும் சொன்னார். போகும்போது செபாஸ்டினின் தோளில் கை போட்டுத் தோட்டப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார் குலோத்துங்கன்.

தை பிறந்ததும் நறுமுகை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ம்மா, விஷயம் தெரியுமா? மாமா கடற்சுவர எடுக்கப்போறாரு. காத்து வரல, கடலுக்குச் சுத்திக்கிட்டுப் போகவேண்டியிருக்குன்னு சனங்க ரொம்ப நாளாக் கேட்டாங்கல்ல? மனசு எளகிட்டாரு."

மரகதவல்லி நாற்காலியை விட்டு எழுந்தார். நறுமுகையின் வீடு சுவரை ஒட்டிய மூன்றாம் தெருவில் இருந்தது. "நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு இங்க வந்துரு" என்றார்.

"எதுக்கு? புயல் வந்தா மாமா இருக்காரு. ஒன்னவிட அவருக்கு அனுபவம் சாஸ்தி."

மரகதவல்லி செபாஸ்டினை அழைத்து, சுவர் இல்லாத தென்கரையில் புயலை ஓட்டிக் காட்டச் சொன்னார். நிழலூருக்குள் கடல் தெருத்தெருவாகப் புகுந்தது. மூன்றாம் தெருவில் ஒரு விளக்கும் மிஞ்சவில்லை. கடைசியில் எண் நின்றது. ஆயிரத்து நூறு.

அப்போது அவர் மனதில் முதலில் எழுந்தது மகளின் முகம் அல்ல. ஆயிரத்து நூறா, நம்முடையது அறுநூற்று முப்பத்தேழுதானே என்ற எண்ணம்தான். ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. காரை எடுக்கச் சொன்னார்.

தென்கரையில் இடிப்பு இயந்திரம் சுவரோரம் நின்றிருந்தது. நறுமுகை வீட்டுக் கூடத்தில் குலோத்துங்கன் பேரனை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மரகதவல்லி உட்காரவில்லை.

"சம்பந்தி, சுவத்துல கை வெக்காதீங்க. நான் குப்பத்தக் கரைக்கு எறக்குனது எண்ணிக்கைக்காகத்தான். ஒங்க நானூறப் பாத்து வயிறெரிஞ்சு எறக்குனேன். கலியமூர்த்தி மவன நான்தான் கொன்னேன். அந்த இயந்திரத்துக்கு அது தெரியல, அவ்வளவுதான். நீங்களும் அதையே செய்யாதீங்க."

குலோத்துங்கன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு ரெண்டு வாட்டி கேட்டேன். மக்கள் ஒத்துழைச்சாங்கன்னு சொன்னீங்க. இன்னிக்கு என் எண்ணிக்கை தாண்டப்போவுதுன்னதும் உண்மை வருதாக்கும்?"

"நான் பொறாமையில வரல."

"அப்படியா? சரி." பேரனைத் தூக்கித் தரையில் நிறுத்தினார். "இவன் தலையில கை வெச்சுச் சொல்லுங்க. செபாஸ்டின் எனக்கும் ஓட்டிக் காட்டுன அந்த ஆயிரத்து நூறப் பாத்து எனக்குப் பொறாமையே வரலன்னு சொல்லுங்க. இப்பவே அந்த வண்டியத் திருப்பி அனுப்புறேன். நான் சொன்னாச் சொன்னதுதான்."

மரகதவல்லி கையை நீட்டினார். செழியன் அண்ணாந்து பார்த்து, காதில் கடுக்கன் மின்ன, சிரித்தான். ஒரு வாக்கியம்தான். மேடையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார், இதையும் சொல்லிவிடலாம். ஜாதகம் பார்க்காதவர், ராகுகாலத்தில் வேட்புமனு கொடுத்தவர். ஆனால் பிள்ளை தலையில் கை வைத்துச் செய்த பொய்ச் சத்தியம் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்பதை மட்டும் அவர் மனம் தட்டிப் பார்க்கத் துணிந்ததே இல்லை. அந்த ஒரு நொடிப் பொறாமை வந்தது வந்ததுதான். கை குழந்தையின் தலைமயிருக்கு ஒரு சாண் மேலே நின்றது. பிறகு தானாக இறங்கி முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

குலோத்துங்கன் வாய்விட்டுச் சிரித்தார். "அதுக்கென்ன சம்பந்தி, மனுஷ சுபாவம்தானே. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. ஒக்காருங்க."

சத்தியத்திலிருந்து பேரனைக் காப்பாற்றியாகிவிட்டது. கடலிலிருந்து காப்பாற்ற வேண்டியது இனி சம்பந்தியின் பொறுப்பு.

நறுமுகை உள்ளேயிருந்து வந்து, "விடும்மா, எப்பப் பாரு மாமாகூடப் போட்டி போட்டுக்கிட்டு" என்று காபியை வைத்தாள். வெளியே இயந்திரம் உறுமத் தொடங்கியது.