முதல் குடித்தனம்

அன்று மாலை அந்தக் காலி மாடி வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். வீடு பார்க்க வந்த தையல்காரர் கூடத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில். அவர் மனைவி சுவரோரமாக இன்னொன்றில். புரோக்கர் ஜன்னல் விளிம்பில், ஒரு காலைத் தொங்கவிட்டபடி. வீட்டுக்குச் சொந்தக்காரரான மருந்துக்கடைக்காரர் மட்டும் உட்காரவில்லை. நாற்காலி இரண்டுதான் இருந்தது. சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு தண்ணீர் வசதியைப் பற்றியும் பக்கத்தில் இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரர் மனைவி முழங்கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் பட்டது. யாரோ கடந்து போக வழி விடுவதுபோல.

பேச்செல்லாம் முடிந்து எழுந்தபோது அவள் உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"வீடு புடிச்சிருக்கு சார். உள்ள படுத்திருக்கிறவங்க எப்போ காலி பண்றாங்க?"

"யாரு?"

"அதான், அந்தப் பெரியவங்க. பாவம், எங்களால அவங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

மருந்துக்கடைக்காரர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் தன் செருப்பைப் பார்த்தான்.

வாடகைக்கென்று வீடு வாங்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. கடையை பாங்கில் ஈடு வைத்து வாங்கியிருந்தார். வருகிற வாடகை தவணையைக் கட்டிவிடும், இது காலூன்றியதும் இன்னொன்று என்பது திட்டம். வாடகை வராவிட்டால் கடை போய்விடும். "கடையும் போச்சுன்னா என்ன செய்வீங்க? தெருத்தெருவா மாத்திரை கூவி விப்பீங்களா?" என்று மனைவி அன்றே கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். இப்போது அந்தச் சிரிப்பு வரவில்லை.

புரோக்கரின் வேலைதான் இது என்று முடிவு கட்டினார். வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வருகிறான். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று கிளப்பிவிட்டு, விலை இறங்கியதும் வேறு ஆள் பேரில் வளைத்துப் போடப் பார்க்கிறான். அவனை நிறுத்திவிட்டு, கடை வாசலில் தானே அட்டை எழுதி ஒட்டினார். அதைப் பார்த்து ஒரு நர்ஸ் வந்தாள். புரோக்கரை அவளுக்குத் தெரியவே தெரியாது. உள்ளறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். நாடி பார்ப்பவள்போலக் கையை நீட்டி, பின் இழுத்துக்கொண்டாள்.

"படுக்கையில கிடக்கிறவங்களைக் கிளப்பிட்டு நான் குடி வரமாட்டேன் சார். உங்களுக்கே நல்லா இருக்கா?"

இவளையும் பிடித்துவிட்டானா?

மறுநாள் தனியாகப் போனார். உள்ளறையில் ஒன்றுமில்லை. வெள்ளையடித்த சுவர், கொக்கி போட்ட ஜன்னல், துடைத்த தரை, மூலையில் சுண்ணாம்புத் துளிகள். ஆனால் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில், அவர் கடைக்கு மருந்துச் சீட்டோடு வருகிறவர்களின் துணியில் ஒட்டிக்கொண்டு வருமே, வெகுநாள் சாத்திய அறையில் புரண்டு படுத்த உடம்பின் அந்தப் புளித்த வெதுவெதுப்பு, மெல்ல எழுந்து, அவர் திரும்பிய பக்கமெல்லாம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. குனிந்து தரையைத் தொட்டார். ஓர் இடம் மட்டும் சில்லென்று இல்லை.

யாரோ சாவி போட்டு வந்து போகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். புதுப் பூட்டு வாங்கி உள்ளறைக் கதவில் மாட்டினார். சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

பிறகு மனைவியை அழைத்துவந்தார். ஒன்றும் சொல்லாமல்தான் அழைத்துவந்தார். அவளுக்குப் பொய் வராது. சொன்னால் காது சிவந்துவிடும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கூடத்தில் இரண்டு அடி வைத்தாள். நின்றாள். பூட்டைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா! உள்ள ஆள வச்சுட்டா பூட்டினீங்க?"

"உள்ள யாரும் இல்லடி."

"இருமுறது கேக்கல? உங்க காதுல என்ன, பஞ்சா?"

அவர் அவள் காதைத்தான் பார்த்தார். சிவக்கவில்லை.

அவளே அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவித் திறந்து, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனாள். அவர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுடைய குரல் மட்டும் வந்தது.

"ஐயோ, இருட்டுலயா இருக்கீங்க?"

நிசப்தம்.

"மெதுவா குடிங்க. அவர் நல்லவர்தான். புது வீடு, கொஞ்சம் படபடப்பு."

நிசப்தம். இது நீளமானது. யாரோ நிறுத்தி நிறுத்திப் பேசி முடிக்கும் அளவுக்கு.

"ஒரே பொண்ணுதாங்க. ஆமா, வீட்டுலதான் இருக்கா. இல்ல இல்ல, இடமெல்லாம் இருக்கு. ஒரு ரூம் சும்மாதான் கிடக்குது."



அவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். முகத்தில் பெரிய நிம்மதி.

"இவ்வளவுதானா விஷயம்! வீட்டுக்காரர் கையெழுத்துல ஒரு காகிதம் குடுத்தா இப்பவே கிளம்பிடறாங்களாம். இத்தனை நாள் யாருமே அவங்ககிட்ட மரியாதையா சொல்லலையாம். நீங்க எழுதிக் குடுங்க. நான் கீழ போய் ஆட்டோ பாக்குறேன். பாவம், நடக்க முடியாது."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கிப் போயிற்று.

இவளுமா, என்று நினைத்தார். இவளும் புரோக்கரும் சேர்ந்தா? வீட்டை விற்க வைக்கவா? அந்தச் சந்தேகத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அதை விட்டால் பிடிக்க வேறொன்றும் இல்லை. சரி, எழுதிக் கொடுப்போம். நாடகம் இதோடு முடியட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, பள்ளிக்கூடத்தில் பழக்கிய ஒழுங்கில் எழுதினார். அனுப்புநர் என்று போட்டுத் தன் பெயர், தான் குடியிருக்கும் வீட்டின் கதவு எண், தெரு. பெறுநர்: உள்ளறையில் குடியிருப்பவர். பொருள்: வீட்டைக் காலி செய்வது. இத்துடன் தாங்கள் புறப்பட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு. கையெழுத்து. உறையில் மடித்து வைத்தார். மேலேயும் அனுப்புநர் முகவரி. கை தானாக எழுதியது. உறையின் நாவை நனைத்து ஒட்டி, விரலால் ஒருமுறை நீவினார்.

உள்ளறைக் கதவு இப்போது முழுதாகச் சாத்தியிருந்தது.

குனிந்தார். கதவடியில் உறையைச் செருகினார். பாதி போயிற்று. மீதிப் பாதியில், மங்கல் வெளிச்சத்தில், அவருடைய கையெழுத்து. அவர் பெயர். கதவு எண். தெரு.

எங்கே போகச் சொல்லி எழுதினோம்?

எழுதவில்லை. காகிதத்தில் இருந்த போகும் இடம் ஒன்றுதான்.

வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அந்தப் பக்கம் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. அவசரம் இல்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக, உறை உள்ளே போயிற்று. கதவு எண். தெரு. கடைசியாக விரல் நுனியில் இருந்த ஓரம்.

போய்விட்டது.

உள்ளே, முதல்முறையாக அவர் காதுக்கே கேட்டது. உறை கிழிபடும் ஒலி. பிறகு யாரோ மூச்சு வாங்கியபடி, பாயைச் சுருட்டுகிற சத்தம்.