தங்கள் நல்வரவை விரும்பும்

சம்ரீன் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதன் பெயர் அமிகா. சம்ரீனின் அத்தா ஷேக் தாவூது முன்பு பாலக்கரையில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தார். துறையூர்க் கல்யாணமோ, ஸ்ரீரங்கத்துக் கல்யாணமோ, வீடியோவில் மணமக்கள் பெயரைப் பறக்கவிடுவது அமிகாதான். அதன் பெட்டியைத் திறந்து புதிய கார்டுகளைச் சொருகலாம். சொருகச் சொருக அதற்குப் புது வித்தைகள் வரும்.

"எனக்கு வளையல் வாங்கினதைவிட இதுக்குக் கார்டு வாங்கினதுதான் அதிகம்" என்பார் அம்மா மஜீதா.

பிறகு கடையை மூடிவிட்டு அத்தா ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனார். "பெருநாளுக்கு வந்து, இதுல உன் பேரை எழுதச் சொல்லித் தரேன்" என்று சம்ரீனிடம் சொல்லியிருந்தார். பெருநாள் வந்தது. அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

இப்போது தம்பி அர்ஹமுக்குப் படிக்க மேசை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"கொடுத்துடலாமாங்க?" என்று அம்மா போனில் கேட்டார்.

"கொடுத்துடு. இனிமே அது எதுக்கு?" என்றார் அத்தா. போனை வைக்குமுன், "மவுஸையுமா கேட்டாங்க?" என்றார்.

சம்ரீனுக்குப் புரிந்துவிட்டது. அத்தாவுக்குக் கொடுக்க மனசே இல்லை, வாய்விட்டுச் சொல்லமாட்டார். அமிகா போய்விட்டால், அத்தா வந்து எதில் சொல்லித் தருவார்?

சனிக்கிழமை காலை தூசியைத் துடைத்து, அம்மாவிடம் கேட்டு ஸ்விட்சைப் போட்டாள். திரையில் ஒரு கை தோன்றியது. அதன் விரல்களுக்கு நடுவே ஒரு ஃபிளாப்பி இருந்தது.

"என்னக்கா கேக்குது?" என்றான் அர்ஹம்.

"பசிக்குதாம். ஃபிளாப்பி போடணும்."

'கல்யாணம்' என்று எழுதியிருந்த ஃபிளாப்பியைப் போட்டாள். அமிகா டர்ர்ர் என்று மென்றது.

அமிகாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அத்தா ஒவ்வொரு எழுத்தையும் மவுஸால் படமாக வரைந்து வைத்திருந்தார். எல்லாக் கல்யாணத்துக்கும் வேண்டிய ஒரு வரி மட்டும் முழுசாக இருந்தது. பத்திரிகையில் வீட்டார் பெயர்களுக்கு மேலே போடுவார்களே, அந்த வரி.

சம்ரீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை நாளாக அத்தாவிடம் சொல்ல நினைத்ததும் இதைத்தான்.

எழுத்துகளை மவுஸால் இழுத்து இழுத்து அதன் கீழே வைத்தாள். 'ஜி' இருந்தது, 'ஜீ' இல்லை.

அம்மா சிரித்துவிட்டார். "எங்க கல்யாண வீடியோவுலயே என்னை 'மஜிதா'ன்னுதான் போட்டாரு. கேட்டா, மவுஸுல சுழி வளைய மாட்டேங்குதுன்னாரு."

சம்ரீன் சுழியைத் தானே வரைந்தாள். அழித்து அழித்து வரைந்தாள். கடைசியில் நத்தை மாதிரி ஒரு சுழி வந்தது.

வீடியோ காலில் அத்தாவைக் கூப்பிட்டு, போனைத் திரைப்பக்கம் திருப்பினாள். நீலத்தில் மஞ்சள் எழுத்துகள்:

தங்கள் நல்வரவை விரும்பும்
மஜீதா
சம்ரீன்
அர்ஹம்

அத்தா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தா, சரியா இருக்கா?"

"ஜீயோட சுழி கோணலா இருக்கும்மா."

"நீங்க வந்து நேராக்குங்க."

"வரேம்மா. நாளைக்கே மறுபடியும் லீவு கேக்கறேன்" என்றார் அத்தா. "அதுவரைக்கும் அதைக் கொடுத்துடாதீங்க."

அன்று மாலை சம்ரீன் தான் படிக்கும் மேசையில் பாதியை அர்ஹமுக்குக் கொடுத்தாள். அவன் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வாசலில் வந்து மணியடித்தார். சம்ரீன் அமிகாவுக்கு முன்னால் போய் நின்றாள். அம்மா கதவைத் திறந்தார்.

"இல்லைங்க, அதைக் கொடுக்கறதா இல்லை" என்றார். "அதுல இன்னும் ஒரு சுழி பாக்கி இருக்கு."