பதிமூன்றாவது அட்டை

விசில் ஊதிய பிறகும் ஒரு இருமல் மட்டும் நிற்கவில்லை.

"ஒத்திகை முடிஞ்சுது, எல்லாரும் எழுந்திருங்க" என்று பயிற்சியாளர் சொன்னதும், காலையிலிருந்து முனகிக்கொண்டும் துவண்டுகொண்டும் கிடந்த நோயாளிகள் சிரித்துக்கொண்டே கட்டிலை விட்டு இறங்கினார்கள். கொள்ளைக் காய்ச்சல் வந்தாலோ, எவனாவது வேண்டுமென்றே கிருமியைத் தூவிவிட்டாலோ இந்தச் சின்ன மருத்துவமனை தாங்குமா என்று பார்க்கத்தான் இத்தனை கூத்தும். நோயாளிகளாக நடிக்கப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த நோயை நடிக்க வேண்டும்.

தலைமை நர்ஸ் கையுறைகளை உரித்துத் தொட்டியில் போட்டாள். அவளை எல்லாரும் கறார் சிஸ்டர் என்பார்கள், அவள் காதுபடவே. கட்டில் கட்டிலாக அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தவள், கடைசிக் கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரையில் தொங்கிய அட்டையையும் உருவினாள். உள்ளே அந்த இருமல், ஈரத்துணியை மெதுவாகக் கிழிப்பது போல.

"போதும் சார், விசில் ஊதியாச்சு. நல்லா நடிச்சா பரிசெல்லாம் கிடையாது, டீ மட்டும்தான்."

பக்கத்தில் நின்ற மகள் கிளுக்கென்று சிரித்தாள். ஒன்பது வயது வாலு. லீவு நாளென்று அவளையும் பன்னிரண்டில் ஒருத்தியாக இழுத்து வந்து 'வாந்தி, மயக்கம்' அட்டையை மாட்டிவிட்டிருந்தாள் அம்மா. நாள் முழுக்க அவள் மயங்கிய மயக்கத்தில் டாக்டரே இரண்டு முறை ஓடி வந்தார்.

"கெட்டிக்காரிடி நீ" என்று மகளின் கன்னத்தைத் தட்டினாள். "காரிடார்ல எல்லாரோடயும் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடு. அப்பா வந்துடுவார்."

வார்டு காலியானது. டெட்டாலின் காரம், வியர்வை, அவற்றின் அடியில் வேறொரு வாடை, பூட்டிய குளிர்பெட்டியில் எதையோ மறந்து வைத்ததைப் போல. அட்டைகளை எண்ணினாள். பதிமூன்று.

மறுபடி எண்ணினாள். பதிமூன்றேதான். பன்னிரண்டு அச்சடித்தவை. ஒன்று மட்டும் கையால் எழுதியது. எழுத்து அவளுடையது.

நினைவுக்கு வந்தது. காலை பத்து மணி இருக்கும். கடைசி பெஞ்சில் ஒரு ஆள் அட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். இன்று வார்டுக்குள் அட்டையில்லாத ஆளே இருக்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "அட்டையைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டதற்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். ஆள் வேஷத்தை விட்டு இறங்காமல் இருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டே, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதி மாட்டிவிட்டாள்; பிறகு கடைசிக் கட்டிலுக்கு அனுப்பினாள். காய்ச்சல். மூச்சுத்திணறல்.

திரையை விலக்கினாள்.

உதடுகள் சிலேட்டு நிறத்தில் இருந்தன. கண்கள் திறந்தபடியே அவளைப் பார்த்தன, இமைக்கவில்லை. கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள், சுட்டது. வெறுங்கை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சிஸ்டர், லைட்டை அணைக்கறேன்!" வார்டுக்குத் திரும்பி வந்திருந்த பயிற்சியாளர் பின்னாலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தார். காரிடாருக்கும் வார்டுக்கும் ஒரே மெயின் சுவிட்சு. எல்லாம் இருண்டது. அவர் கையில் ஊதா விளக்கு எரிந்தது. "ஒருத்தர் உள்ளங்கையில மட்டும் பவுடர் தடவியிருக்கேன். சாதாரண வெளிச்சத்துல தெரியாது. அதுதான் நம்ம கிருமி. எங்கெல்லாம் போயிருக்குன்னு இப்ப பாருங்க."

"யார் கையில சார்?"

"கடைசி பெஞ்சுல இருந்தாரே. கையால எழுதின அட்டை."

விளக்கு நகர்ந்தது. கட்டில் கம்பியில் பச்சையாக ஒரு கை. திரையில் நான்கு. பதிவேட்டில், பேனாவில், தண்ணீர்க் குழாயில், டாக்டரின் நாற்காலியில். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த கைகள், கழிவறைவரை போய்த் திரும்பியிருந்தன. பயிற்சியாளரின் சட்டைப்பையில் ஒன்று, தட்டிக்கொடுத்தது போல.

"சார், அவர் நடிக்க வந்தவர் இல்ல."

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கால்கள் கதவுப்பக்கம் போயின. "எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு சிஸ்டர்..."

அவள் முந்திக்கொண்டாள். கதவைப் பூட்டி, சாவியை மேல்சட்டைக்குள் போட்டாள். "காலையிலேருந்து பாடம் எடுத்தீங்களே, யாரும் வெளியே போகக்கூடாதுன்னு. பாடம் நடத்தினவருக்கு மட்டும் விலக்கா? உட்காருங்க. மாஸ்க்கைப் போடுங்க."

அவசர எண்ணுக்குப் போன் செய்தாள்.

"வார்டுல நிஜமான நோயாளி. மூச்சு விட்டு விட்டு வருது. எல்லாக் கதவையும் மூடணும். ஆளும் மருந்தும் அனுப்புங்க."

எதிர்முனை அதிகாரி சிரித்தார். "இன்னிக்கு உங்ககிட்டேருந்து இது ஏழாவது போன் சிஸ்டர். நல்லாவே நடிக்கிறீங்க. முதல்ல 'இது ஒத்திகை'ன்னு சொல்லணும், மறந்துட்டீங்க."

"மறக்கல." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "சொல்ல மாட்டேன். வண்டி வர்றவரைக்கும் இந்தப் போனை வைக்கவும் மாட்டேன். சிரிச்சு முடிச்சிட்டு சைரனைப் போடுங்க. இந்தக் கதவை நானே திறக்க மாட்டேன், நீங்க கும்பிட்டுக் கேட்டாலும்."

சிரிப்பு நின்றது. இன்னொன்றும் நின்றது. கடைசிக் கட்டிலின் இருமல்.

குழாயில் நீர் சொட்டும் ஓசை. பயிற்சியாளரின் பற்கள் தந்தியடிக்கும் ஓசை.

கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். இருண்ட காரிடாரில் மகள்.

"அம்மா, கரண்ட் போச்சு. நான் அப்பாகூட கிளம்பட்டுமா?"

"இல்ல கண்ணு. யாரும் கிளம்பக் கூடாது. வாட்ச்மேன் மாமாகிட்ட சொல்லு, கேட்டைப் பூட்டச் சொல்லு. அம்மா சொன்னேன்னு சொல்லு."

வாலு நகரவில்லை. அம்மாவின் முகம் தெரிகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். கறார் சிஸ்டர் ஊதா விளக்கைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தாள். பயப்படாதே என்று சொல்லத்தான் தூக்கினாள்.

மகளின் கன்னத்தில் ஐந்து விரல்கள். பச்சையாக. பளிச்சென்று.

மோதிர விரலில் மட்டும் ஒரு மெல்லிய இடைவெளி. அவளுடைய கல்யாண மோதிரத்தின் அகலம்.

சாவி நெஞ்சில் குத்தியது. அவள் அதைத் தொடவில்லை. விளக்கைக் கீழே இறக்கவும் இல்லை.

மகள் சிரித்தாள். கன்னத்தைத் தேய்த்துவிட்டு, அதே கையை நீட்டி, பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.