அடித்தல் திருத்தல்

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் எனக்கு நல்ல நீளமான பெயர் இருக்கிறது. ஆனால் வீட்டில் நான் கமா.

யாராவது பேசிக்கொண்டிருந்தால் நான் நடுவில் புகுந்துவிடுவேன். "இவ ஒரு கமா! எந்த வாக்கியத்தையும் முழுசா ஓட விடமாட்டா" என்று ஒருநாள் அண்ணன் சொன்னான். அதுவே ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கடைக்கு வருகிறவர்கள்கூட "கமா எங்கே, சத்தத்தையே காணோம்?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பெயரை வைத்த அண்ணன் இப்போது வீட்டில் இல்லை. அவன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, மிக்ஸி, எது எரிந்துபோனாலும் அவரிடம் வந்து சேரும். கருகிய செம்புக் கம்பியைப் பிய்த்தெடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக் கட்டி, மேலே வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். அண்ணனும் நன்றாகக் கட்டுவான். அவன்தான் கடையைப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அப்பா முடிவே கட்டியிருந்தார்.

அண்ணனோ நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தான். இடம் கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அப்போ என் கடை?" என்றார் அப்பா.

"லீவு நாள்ல எல்லாம் வந்து பார்க்கிறேன்பா. நான் எங்கேயும் ஓடிப்போகலை."

"வர வேணாம். போறதுன்னா போ! போனா போனதுதான். வரேன்னு சொல்லாதே, போறேன்னு சொல்லிட்டுப் போ!"

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்வதில்லை. குப்பை கொட்டப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். அதனால் அப்பா அப்படிக் கத்தியதும் அம்மா கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அன்றைக்கு நான்கூட நடுவில் புகவில்லை.

மறுநாள் காலையில் அண்ணனின் கட்டில் காலியாக இருந்தது. மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. அப்பா அதைப் படித்தார், மடித்தார், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா எழுதியிருக்கான்?"

"போயிட்டான். அவ்வளவுதான்."

அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறார். தினமும் இடைவேளையில் அண்ணனுக்கு போன் பண்ணுவார். "நல்லாதான் இருக்கான். நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா காதில் விழாததுபோல் செருப்பைத் தேடுவார். அண்ணனிடம் சொன்னாலோ, "அப்பா வரவேணாம்னு சொன்னாரு. அவரே கூப்பிடட்டும்" என்கிறானாம்.

"நல்ல அப்பா, நல்ல பிள்ளை! நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்கிடையில் எனக்கு இங்கிலீஷ் பரீட்சை வந்துவிட்டது. திங்கட்கிழமை. அதில் இதுவரை பார்த்தேயிராத ஒரு கவிதையைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். எனக்குக் கதை வரும், கட்டுரை வரும். கவிதை மட்டும் சுத்தமாக வராது. ஒவ்வொரு பரீட்சைக்கு முன்பும் அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் பயிற்சிக்காக ஒரு கவிதை கொடுத்தார். ஒரு பெண் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்புகிறாள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்க்கிறாள். கடைசியில், கதவைச் சாத்தினேன், சாவியைத் திருப்பவில்லை என்று முடிகிறது.

அவள் ஏன் சாவியைத் திருப்பவில்லை என்பது கேள்வி.

சாவி துருப்பிடித்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று எழுதினேன். மோட்டார்க்காரர் மகள் வேறு எப்படி எழுதுவாள்? பத்துக்கு இரண்டு கிடைத்தது. அந்த இரண்டும் எழுத்துப்பிழை இல்லாததற்காம்.

டீச்சர் என் மேசைக்கே வந்துவிட்டார். "துருப்பிடிச்சதுன்னு எந்த வரியில இருக்கு? விரலை வை, பார்ப்போம்."

மேலிருந்து கீழே வரை தேடினேன். விரல் வைக்க இடமே இல்லை.

"தாள்ல இல்லாததை நீயா கொண்டுவந்து போடக்கூடாது. முதல்ல வார்த்தை மேல விரலை வை. அப்புறம், அந்த இடத்துல வேற என்ன வார்த்தை வந்திருக்கலாம்னு யோசி."

"பூட்டினேன்னு வந்திருக்கலாம் டீச்சர்."

"வந்திருக்கலாம். ஏன் வரலை?"

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பூட்டிட்டா... ஒரேயடியா போன மாதிரி ஆயிடும். அவளுக்கு அப்படிப் போக மனசில்லை."

"இதை எழுதினா பத்துக்கு எட்டு" என்றார் டீச்சர்.

"திருடன் வந்துட்டா, டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுவும் இந்தத் தாள்ல இல்லை. உட்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முந்தைய பதிலை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே புதிதாக எழுதினேன். டீச்சர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "பரீட்சையில இவ்வளவு அடித்தல் திருத்தல் கூடாது, ஆமா."

அதுவும் அண்ணன் அடிக்கடி சொல்கிறதுதான். அவன் தாளில் அடித்தல் திருத்தலே இருக்காது. ஒரு எழுத்துத் தப்பினாலும் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுகிற ஆள் அவன்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு அறைக்குள் நுழைந்தேன். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். அண்ணனின் இரும்புக் கட்டிலில் மொத்தம் நாலு போல்ட். இரண்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. இந்தச் சட்டம் கடைக்கு ஆகும். பழைய மோட்டாரை அடுக்கிடலாம்."

"அப்போ அண்ணன் வந்தா எங்கே படுப்பான்?"

"வர்றவனுக்குத்தானே கட்டில்?"

மூன்றாவது போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். அந்தப் பெண் கதவைப் பூட்டாமல் போனாளே, அப்பா இங்கே உள்ளேயிருந்தே பூட்டுகிறாரே என்று தோன்றியது. அழுதால் கேட்க மாட்டார். கத்தினால் அவரும் கத்துவார். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் அவர் சட்டைப் பையில் அந்தக் கடிதத்தின் முனை தெரிந்தது.

"அப்பா, அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் குடுங்களேன். பரீட்சைக்குப் பயிற்சி பண்ணணும்."

"இங்கிலீஷ் பரீட்சைக்குத் தமிழ்க் கடிதமா?"

"வரிவரியாப் படிக்கிறதுதான் பயிற்சி. எந்த மொழியா இருந்தா என்ன? பயிற்சி பண்ணலைன்னா எனக்கு மறுபடியும் ரெண்டு மார்க்தான்."

அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து அதன் மடிப்பே கிழிந்திருந்தது. ஒரேயொரு தடவை படித்த கடிதம் இப்படிக் கிழியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் சத்தமாகப் படித்தேன்.

"அப்பா, காலையில முதல் பஸ்ல கிளம்பறேன். விடுதியில தங்க இடம் குடுத்துட்டாங்க. நம்ம கடையில ஜன்னல் பக்கம் இருக்கிற பச்சை மோட்டாருக்கு இன்னும் வார்னிஷ் போடலை. கமாவுக்கு இங்கிலீஷ் கவிதை வராது. பரீட்சைக்கு முன்னாடி யாராவது பக்கத்துல உட்காரணும்."

அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தேன். அப்புறம்தான் கடைசி வரிக்குப் போனேன். அங்கே "போறேன்" என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "வரேன்" என்று எழுதியிருந்தான்.

"பார்த்தியா திமிரை?" என்றார் அப்பா. "வரேன்னு சொல்லாதேன்னு நான் சொன்னேன். வேணும்னே அதையே எழுதி வச்சிருக்கான்."

"திமிர்னு எந்த வரியில இருக்குப்பா? விரலை வைங்க."

"என்னது?"

"டீச்சர் அப்படித்தான் கேட்பாங்க. வைங்கப்பா."

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். வார்னிஷ் கறை படிந்த ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் கடிதத்தின் மேல் அங்கும் இங்கும் சுற்றியது. எங்கேயும் உட்காரவில்லை.

"நான் வைக்கிறேன்" என்று முதல் இடத்தில் விரலை வைத்தேன். "நம்ம கடையிலன்னு எழுதியிருக்கான். அன்னைக்கு நீங்க என் கடைன்னு சொன்னீங்க. அவன் உங்க கடைன்னு எழுதியிருக்கலாம்தானே?"

"அவன் எப்பவும் நம்ம கடைன்னுதான் சொல்லுவான்."

"அதாம்பா! அவ்வளவு சண்டை போட்டதுக்கு மறுநாளும் அப்படியேதான் எழுதியிருக்கான். திமிர் பிடிச்சவனுக்கு அந்தப் பச்சை மோட்டார் எக்கேடு கெட்டா என்ன?"

நான் விரலைக் கடைசி வரிக்கு நகர்த்தினேன்.

"அட, அது வாய்ப் பழக்கம்" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "மீட்டர் பார்க்க வர்றவர்கூட வரேன்னு சொல்லிட்டுத்தான் போறாரு. அவர் என்ன, வந்து இங்கே படுத்துக்கப் போறாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "பழக்கம்னா முதல்லயே வரேன்னு எழுதியிருப்பான். இவன் முதல்ல போறேன்னு எழுதியிருக்கான். நீங்க சொன்ன மாதிரியே, உங்க பேச்சைக் கேட்டு. அப்புறம் அவனால முடியலை. அடிச்சுட்டான்."

அப்பா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னொண்ணும் இருக்குப்பா. அண்ணன் ஒரு தப்பு விழுந்தாலும் வேற தாள்ல எழுதுவான். இதை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான்."

"ஏன் விட்டான்?"

பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கலாம். அடித்தது அப்பா கண்ணில் படட்டும் என்றும் விட்டிருக்கலாம். இரண்டாவதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் விரல் வைக்க இடமில்லை.

"அது தாள்ல இல்லைப்பா. அண்ணனைத்தான் கேட்கணும்."

அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவேயில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாதி பிரித்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"நான் ஏதோ கோபத்துல சொன்னேன், கமா" என்றார். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதை அவன்கிட்ட சொல்லுங்க."

அப்பா போனை எடுத்தார். ஒற்றை விரலால் ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடியும் தட்டினார், அழித்தார். "இதுல அடிச்சா, அடிச்சதே தெரியமாட்டேங்குதே" என்று அலுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு தாள் குடு."

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அப்பா அதன் நடுவில் பெரிதாக "போ" என்று எழுதினார். எனக்குப் பகீரென்றது. "அப்பா!" என்று கத்தினேன்.

"பொறு. முழுசா எழுத விடு, கமா."

எழுதிய வார்த்தையின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் "வா" என்று எழுதினார்.

நான் அதைப் போனில் படம் பிடித்தேன். "வேற நல்ல தாள்ல எழுதி அனுப்பட்டுமா?" என்று அவருக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது.

"வேணாம்பா. அடித்தல் திருத்தலோடயே இருக்கட்டும்."

படத்தை அனுப்பினார். அவன் பார்த்துவிட்டதாகத் திரையில் காட்டியது. பதில் வரவில்லை. அப்பா போனைத் தரையில் வைத்துவிட்டு, கழற்றிய போல்ட் ஒன்றை எடுத்து மாட்டி முடுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டார். நான் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அதையும் முடுக்கினார்.

"அந்தப் பச்சை மோட்டாருக்கு இன்னும் வார்னிஷ் போடவேயில்லை. அவன் விட்ட வேலையை நான் எதுக்குச் செய்யணும்னு வீம்புக்கு விட்டு வச்சிருக்கேன்" என்றார். "மோட்டாரைக் குடுத்தவங்க வேற நாலு நாளா வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"இப்பவே போய்ப் போட்டுடலாம்பா."

"போடலாம். முதல்ல உன் கவிதைப் புத்தகத்தை எடு. யாராவது பக்கத்துல உட்காரணும்னு எழுதியிருக்கான்ல?"

"உங்களுக்கு இங்கிலீஷ் கவிதை தெரியுமா?"

"தெரியாது. உட்காரத் தெரியும்."

நான் புத்தகத்தைத் திறந்தபோது போன் அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையோடு தலை நங்கென்று முட்டிக்கொண்டது. அண்ணன் அனுப்பியது ஒரே வார்த்தை.

"வரேன்."

அப்பா அதன் மேல் விரலை வைத்துப் படித்தார். விரலை அழுத்தி வைத்ததில் ஒரு சிவப்பு இதயம் தோன்றி அண்ணனுக்குப் போய்விட்டது. அது தெரியாமல் போனது என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் அதை அவர் அழிக்கவில்லை.