கேட்கிற காது

அண்ணன் ஏன் ஷூ போடாமல் போனான்?

ஒரு வருடமாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். அண்ணன் கணக்கு வாத்தியார். செருப்பில்லாமல் வாசற்படி தாண்டாதவன். தண்ணீர் என்றால், நிரம்பிய வாளியைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பவன். அப்படிப்பட்டவன் பறவைப் படம் எடுக்கப் போன இடத்தில், நல்ல வெளிச்சத்தில், கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, ஏணியில் இறங்கி, வெறுங்காலோடு சதுப்புக்குள் போய்விட்டான். ஷூ மேலே பலகையில் ஜோடியாக இருந்தது. சாக்ஸ் சுருட்டி உள்ளே வைத்திருந்தது. உடல் கிடைக்கவில்லை.

தவறி விழுந்திருப்பார் என்று சொல்லி விசாரணையை மூடிவிட்டார்கள். தவறி விழுகிறவன் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டா விழுவான்? சேற்றில் இருந்த தடங்களை அவள் படத்தில் பார்த்திருந்தாள். முன்பாதம் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அடிக்கு அடி இடைவெளி அகன்றிருந்தது. கோடு கிழித்தாற்போல நேராகப் போயிருந்தது. பயந்து ஓடுகிறவன் வளைந்து ஓடுவான், நின்று திரும்பிப் பார்ப்பான். இது எதையோ நோக்கி ஓடியவனின் தடம்.

எதை நோக்கி?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அதே பயணத்துக்கு, அதே வழிகாட்டியிடம், அண்ணனின் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

சதுப்பின் ஓரத்தில் தூண்கள் மேல் நின்ற பழைய மரவீடு. சுவர்ப் பலகைகள் ஈரத்தில் உப்பி, கதவுகள் சட்டத்தில் சிக்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அழுகிய இலை வாடை தலையணை வரைக்கும் வந்திருந்தது. பின்பக்க வராந்தாவின் கம்பிக்கு அப்பால் நாணல். கண்ணுக்கு எட்டியவரை நாணல்தான்.

வழிகாட்டியை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பறவையின் குரலையும் உதட்டைக் குவித்து அப்படியே எடுத்துவிடுவான். முகம் கொள்ளாத சிரிப்பு.

"அவரோட தங்கச்சின்னு சொல்லித்தானே மேடம் புக் பண்ணீங்க? மத்தவங்க மாசக்கணக்கா காத்திருக்காங்க. உங்களுக்குன்னதும் உடனே இடம் குடுத்துட்டேன்."

"ரொம்ப நன்றி."

"எதுக்கு மேடம் நன்றியெல்லாம். நீங்க வந்ததே பெரிய விஷயம்."

இன்னொரு விருந்தாளி, வயதான ஜவுளிக்கடை முதலாளி. அவர் லென்ஸைத் தூக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். அதனால் அவருக்குப் பீரங்கி என்று பெயர். வருடம் தவறாமல் வருகிறவர். அண்ணன் காணாமல் போன அன்று ஹைடில், அதாவது பறவைக்குத் தெரியாமல் உட்காரும் அந்த மரப்பெட்டிக்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அவளைப் பார்த்ததும் வருத்தம் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் போனை நீட்டினார்.

"இதப் பாரும்மா. அன்னைக்கு எடுத்தது. எங்க வீட்டு ஹால்ல பெரிசா மாட்டியிருக்கேன். 'தவம்'னு பேர் வச்சிருக்கேன்."

மொட்டைக் கிளை ஒன்றில் நாணற்குருகு. கழுத்தை வானத்துக்கு நீட்டி, சிறகுகளை உடம்போடு ஒட்டி, ஒரு குச்சி போல நின்றது. கண் மட்டும் கீழே பார்த்தது.

"அண்ணன் எழுந்து போனது உங்களுக்குத் தெரியவே இல்லையா சார்?"

"நான் பறவையப் பாப்பேனா, ஆளப் பாப்பேனா? ஒரு சத்தமும் கேக்கலம்மா. சத்தியமா."

அது பொய்யில்லை. அவர் காதுக்குப் பின்னால் மெஷின் இருந்தது. காது கேளாதவர்களுக்கு மெஷின் பொருத்துவதுதான் அவள் தொழில். ஆளைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்த்துவிடுவாள்.

அன்று சாயங்காலம் படகில் ஒரு சுற்றுப் போனார்கள். விசில் சின்ன ஸ்பீக்கரை எடுத்து, ஒரு குஞ்சின் கீச்சுக் குரலை ஓடவிட்டான். அடர்ந்த புதருக்குள்ளிருந்து தாய்ப்பறவை ஒன்று பறந்து வந்து ஸ்பீக்கரின் மேலேயே உட்கார்ந்தது. பீரங்கி சரமாரியாகப் படங்களைச் சுட்டுத் தள்ளினார்.

"பாவமா இல்லையா?" என்றாள்.

"இதே பறவைய இதே குரல வச்சு நேத்தும் ஏமாத்தினேன் மேடம். முந்தாநாளும் ஏமாத்தினேன்."

"அப்ப அதுக்குத் தெரியாதா, இது பொய்னு?"

"தெரியும். தெரிஞ்சாலும் வரும். ஒருவேளை இந்த வாட்டி நிஜமா இருந்துட்டா?" சிரித்தான். "அந்த ஒரு 'ஒருவேளை'லதான் மேடம் எங்க பொழப்பே ஓடுது."

"நாணற்குருகையும் இப்படித்தான் வரவைப்பீங்களா?"

"அது இதுக்கெல்லாம் மசியாது. பயந்தா நாணலோட நாணலா நின்னுடும். அதைக் கிளைக்கு ஏத்தறதுக்கு வேற வழி இருக்கு. நாளைக்குக் காலைல நீங்களே பாப்பீங்க."

வராந்தாவில் விளக்கு ஏற்றியதும் விசில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தான். உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்சு அடைப்பான்கள்.

"மேடம், நீங்க காது டாக்டராமே. இது உள்ள நிக்கவே மாட்டேங்குது. நழுவி நழுவி வந்துடுது. போன வருஷம் லேசா சத்தம் உள்ள வந்துடுச்சு, மனுஷன் ஆடிப் போயிட்டேன்."

"படகு மோட்டார் சத்தமா?"

"அந்த மாதிரிதான்."

பறவைச் சத்தத்தில் பிழைக்கிறவன் காதைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. யாராவது காதைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு நேரம் போவது தெரியாது. "நீங்க அப்படியே அழுத்தித் திணிக்கிறீங்க. அதான் தப்பு. காதுக் குழாய் நேரா இருக்காது, வளைஞ்சிருக்கும். முதல்ல இதை விரலால உருட்டிக் குச்சி மாதிரி ஆக்குங்க. அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து காதை மேல இழுங்க. குழாய் நேராயிடும். இப்ப உள்ள விடுங்க. உடனே கையை எடுக்கக் கூடாது. அது உப்பற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிக்கணும்."

அவன் செய்தான். அவள் பக்கத்தில் கை தட்டினாள். அவன் திரும்பவில்லை.

"அருமை மேடம்!" என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

பிறகு அண்ணிக்குப் போன் போட்டாள். வராந்தாவின் கம்பியோரம் மட்டும்தான் சிக்னல். அதுவும் ஸ்பீக்கரில் போட்டால்தான் புரியும். போன வருடம் அண்ணனும் இதே கம்பியில் சாய்ந்துதான் தன் தங்கையிடம் பேசியிருப்பான். அன்றைக்கு அவளுக்குக் கடும் காய்ச்சல்.

"நீயும் அங்க போயி உக்காந்திருக்கியே, எனக்கு ராத்திரி தூக்கமே வராதுடி," என்றாள் அண்ணி.

"ஒண்ணும் ஆகாது அண்ணி. அவன் கடைசியா இருந்த இடத்தை நீங்க பாக்க வேண்டாமா? நீங்களும் ஒரு தடவ இங்க வாங்க அண்ணி."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கவனித்தாள். அவள் வாய் திறந்ததும் நாணலில் தவளைகள் அடங்கின. அண்ணி பேசும்போதும் அடங்கியே இருந்தன. போனை வைத்த பிறகுதான் மறுபடி கத்த ஆரம்பித்தன.

யாரோ கூர்ந்து கேட்பதற்காக வகுப்பை அமைதிப்படுத்தியது போல இருந்தது.

விடியும்போது ஹைடுக்குள் இருந்தார்கள். முன்பக்கத் தூண்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன; ஷூவோடு நடந்தால் அதிர்வு தூண் வழியாக இறங்கித் தண்ணீரில் பரவும், பறவை விலகிவிடும் என்றான் விசில். மூவரும் கழற்றிப் பலகையில் வைத்தார்கள். எதிரே, பால் போன்ற பனிமூட்டத்தில், அந்த மொட்டைக் கிளை.

பீரங்கி காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குனிந்து லென்ஸோடு ஒட்டினால் அது கீச்சென்று கத்துமாம். அது உண்மைதான், மெஷினிலிருந்து வெளியே வரும் சத்தம் திரும்பி மெஷினுக்குள்ளேயே போனால் அப்படித்தான் கத்தும். விசில் மஞ்சள் ஸ்பாஞ்சை உருட்டினான்.

"இங்க மோட்டார் இல்லையே?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கேக்கற காது ஒண்ணு போதும் மேடம். நீங்க இருக்கீங்கல்ல."

காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அழுத்திப் பிடித்தான்.

கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. கொசு. ஈர மரத்தின் வாடை. பீரங்கியின் மூச்சு.

தவளைகள் அடங்கின.

"எலி..."

அவள் முதுகுத்தண்டில் ஈரத்துணியை வைத்து இழுத்தது போல இருந்தது. சின்ன வயதில் பெரிய காதுகளோடு இருந்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. அந்தப் பெயரால் அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான்.

"எலி... எங்கடி இருக்க?"

நாணலுக்குள்ளிருந்துதான் வந்தது. மூச்சு இரைத்தது. மறுபடி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, தொழில் பழக்கத்தில் கூர்ந்து கேட்டாள். 'எங்கடி'க்கு முன்னால் அதே திணறல். கடைசி எழுத்தில் அதே உடைசல். மூன்றாவது தடவையும் மயிரிழை மாறாமல் அதேதான். உயிருள்ள தொண்டை ஒரே சொல்லை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லாது. இது அண்ணன் இல்லை. அண்ணனைப் பிடித்து வைத்துக்கொண்டு எதுவோ திரும்பத் திரும்ப ஓடவிடுகிறது.

இது பொய். தெரிந்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாணல் விலகியது. குருகு ஒன்று அலறியடித்துக் கிளம்பி மொட்டைக் கிளையில் வந்து உட்கார்ந்தது. கழுத்தை நீட்டிக் குச்சியானது. கண் கீழே, தண்ணீரில்.

தவம் இல்லை. அது செத்துவிடும் அளவுக்குப் பயந்திருந்தது.

பீரங்கியின் கேமரா சடசடவென்று ஓட ஆரம்பித்தது. இப்போதுதான் அவளுக்கு விசில் சொன்ன அந்த வழி புரிந்தது. அந்தக் குரல் கிளம்பினால் குருகு நாணலில் நிற்காது. குரல் கிளம்ப வேண்டுமென்றால், கேட்பதற்கு ஒரு சொந்தக்காரக் காது வேண்டும்.

அவளை அறியாமல் உதடு முணுமுணுத்தது. "அண்ணா."

குரல் பாதியில் நின்றது.

பதிவு செய்த குரல் நிற்காது. யாராவது நிறுத்த வேண்டும்.

"எலியா?"

இது புதிது. இதுவரை வராத சொல்.

"தண்ணி வாய்க்குள்ள வருதுடி."

ஒருவேளை.

தாழ்ப்பாளைத் திறந்தது அவளுக்கு நினைவில்லை. ஏணியின் வழவழப்பு உள்ளங்காலில் பட்டபோது ஷூ மேலே இருப்பது நினைவுக்கு வந்தது. ஷூ போட யாருக்கு நேரம் இருக்கிறது? ஓடினாள். முன்பாதம் புதைய, நேராக, நாணலைக் கிழித்துக்கொண்டு, முழங்கால் ஆழம், தொடை ஆழம், இடுப்பு ஆழம்.

"அண்ணா! எங்கண்ணா இருக்க?"

குரல் வந்த இடத்தில் யாருமில்லை. தட்டையான கறுப்புத் தண்ணீர். அவள் கூப்பிட்டதும் அது ஒரு சுற்று நடுங்கி, அசைவில்லாமல் நின்றது, காதுச் சவ்வு போல.

காலை எடுக்க முடியவில்லை. அடியில் சேறு இறுக்கிப் பிடித்திருந்தது. சேறு அப்படி விரல் விரலாகப் பிடிக்காது.

பிறகு தண்ணீருக்குள்ளிருந்து, அவள் காதருகே, ஒரு பெண் பேசினாள். காய்ச்சலில் கரகரத்த குரல்.

"முடியலண்ணா... சீக்கிரம் வாண்ணா..."

போன வருடம், வராந்தாவின் கம்பிக்கு அந்தப் பக்கம், அண்ணனின் போன் ஸ்பீக்கரில் ஒலித்த அவளுடைய சொந்தக் குரல்.

ஷூ போடாமல் ஓடி வந்தவன் இதைக் கேட்டுத்தான் வந்தான். இங்கே நின்று, அவளைத் தேடித்தான் கத்தினான், எலி எங்கடி இருக்க என்று. அவன் கத்தியது இவளுக்குத் தூண்டிலாகிவிட்டது. இவள் கத்தியது...

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இனி ஒரு சொல்லும் கொடுக்கக் கூடாது. மார்புக்குத் தண்ணீர் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றாள்.

தண்ணீர் காத்திருக்கவில்லை. நேற்று ராத்திரியே அதற்குப் போதுமானது கிடைத்துவிட்டது.

"நீங்களும் ஒரு தடவ இங்க வாங்க அண்ணி," என்றது மெதுவாக, அவள் குரலில். சரியாக வந்ததா என்று பார்ப்பது போல இன்னொரு தடவை சொன்னது. "இங்க வாங்க அண்ணி."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஹைடின் நீளத் துவாரத்தில் பீரங்கியின் லென்ஸ் கிளையை விட்டு இம்மியும் அசையவில்லை. பக்கத்தில் விசிலின் முகம். அவள் அவனைப் பார்த்துக் கத்தினாள், உயிர் போகக் கத்தினாள். அவன் குருகைப் பார்த்து முகம் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு விரல் காதில் இருந்தது, அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

ஸ்பாஞ்சைக் குச்சி மாதிரி உருட்ட வேண்டும். காதை மேலே இழுத்து உள்ளே விட வேண்டும். அது உப்புகிற வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் கேட்காது.