பின்கதவுச் சத்தம்

அலாரத்தின் புது கீபேடைச் சுவரில் மாட்டி, நான்கு கம்பிகளையும் நிறம் பார்த்து முறுக்கி, மூடியை அழுத்தியதும் பொத்தான்களுக்குப் பின்னால் வெளிச்சம் பரவியது. அப்பாடா என்று அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். வைத்த பிறகுதான் கவனித்தான், வரிசையாக இருந்த சின்ன விளக்குகளில் முதலாவது மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

கூடத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தான். சமையலறைக்கு அப்பால் பின்கதவு சாத்தித்தான் இருந்தது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, போதாததற்கு ஒரு பூட்டு. மாமியார் போன பிறகு அந்தக் கதவை இந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை.

ஊரில் எல்லோரும் திருடன் உள்ளே வரக் கூடாதென்று அலாரம் வைப்பார்கள். இந்த வீட்டில் வைத்தது, உள்ளே இருப்பவர் வெளியே போய்விடக் கூடாதென்று. மாமியாருக்கு ஞாபகம் தப்பிப்போய் நாளாயிற்று. பின்கதவைத் திறந்துகொண்டு எங்காவது நடந்துவிடுவார். கதவு திறந்தால் கீபேட் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். திருட்டுத்தனம் பிடிபட்ட சிறுமியைப் போல அவர் உடனே உள்ளே திரும்பி, "நான்தான்" என்பார். நாள் முழுக்க டிங், நான்தான், டிங், நான்தான். ஆரம்பத்தில் அவனுக்கும் மனைவிக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்கு மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி டியூட்டி. இவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, தலை வெடித்துக்கொண்டிருந்தது. மாமியாரோ கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு மணி நேரம் கண்ணசந்தால் போதும் என்று தோன்றியது. எழுந்து போய் நான்கு எண்கள் கொண்ட தன் ரகசியக் கோடைப் போட்டு, பின்கதவின் சத்தத்தை மட்டும் நிறுத்தினான். வீடு கிணற்றின் அடியாழம் போல அமைதியானது. விழித்தபோது விடிந்திருந்தது. கொல்லைப்புறத்து வாய்க்கால் கரையில், தண்ணீரிலிருந்து எடுத்துக் கிடத்திய மாமியாரைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடிப் பேசும் சத்தம் கேட்டது.

மனைவி வந்து சேர்வதற்குள் அவன் ஒரு காரியம் செய்தான். கீபேடின் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினான். கீபேட் செத்துப்போயிருந்தது, அதனால்தான் சத்தம் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. அந்த கீபேட் ஏற்கெனவே மங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மாசம் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவள் மனைவி. அவள் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். சாப்பாடு பாதியானது, பேச்சு கால்வாசியானது. தூக்கத்தில்கூட அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்த கை இவனுடையது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலையிலிருந்து பாரம் இறங்கியிருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரை வரும், எச்சிலோடு திரும்பிப் போய்விடும்.

இப்போது பின்கதவருகே போய்க் குனிந்து பார்த்தான். நிலையில் ஒரு காந்தத் துண்டு, கதவில் ஒன்று. இரண்டும் சரியாக ஒட்டி நின்றன. துணியால் துடைத்தபோது துணி நனைந்தது. மோந்து பார்த்தான். பாசி வாடை. மழை பெய்து எத்தனையோ நாளாகிவிட்டது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டான். ஆளை வரவழைக்காமல் நானே மாட்டிக்கொள்கிறேன் என்று கீபேடை வாங்கி வந்ததே, வருகிறவன் எதையாவது தோண்டிவிடக் கூடாது என்றுதான். போனில் பேசிய பையன் பொறுமைசாலி. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் பெட்டியைத் திறந்து, பின்கதவிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு முடுக்கச் சொன்னான். அப்படிச் செய்தால் கதவு எந்நேரமும் மூடியிருப்பதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளுமாம். அவன் முடுக்கினான். கூடத்துக்கு வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

அப்போதுதான் மனைவி வேலையிலிருந்து திரும்பினாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பையைக்கூட இறக்காமல் கீபேடின் முன்னால் வந்து நின்றாள். பழையதிலிருந்து பத்திரமாக உரித்து வைத்திருந்த காகிதச் சீட்டுகளை எடுத்து விளக்குகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக ஒட்டினாள். பின்கதவு. சமையலறை. கூடம். கடைசிச் சீட்டில் 'அம்மா' என்று மட்டும் எழுதியிருந்தது. அது மாமியாரின் அறை. அங்கங்கே யாராவது அசைந்தால் அந்தந்த விளக்கு எரியும்.

"அந்தச் சத்தம் வருதான்னு ஒரு தடவ பாக்கலாமா?" என்றாள். "எனக்கு அதக் கேக்கணும்."

போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது. இவன் எடுப்பதற்குள் பையனே முந்திக்கொண்டு பதில் சொன்னான். பின்கதவுச் சத்தத்தை யாராவது நிறுத்தி வைத்திருந்தால் கீபேட் காட்டிவிடும், மூலையில் மஞ்சள் புள்ளி எரிகிறதா என்று கேட்டான். எரிந்தது.

"இது புது கீபேடாச்சே தம்பி," என்றான் அவன்.

"கீபேட் வெறும் பொத்தான் பலக சார். நீங்க சொன்னதெல்லாம் மெயின் பெட்டிக்குள்ளதான் இருக்கும். கீபேட் செத்தாலும் பெட்டி மறக்காது. யாரு நிறுத்தினாங்களோ அவங்க கோடப் போட்டாத்தான் திரும்பச் சத்தம் வரும்."

மனைவி தன் கோடைப் போட்டாள். கீபேட் கர் என்று மறுத்தது. அவள் திரும்பி இவனைப் பார்த்தாள். அந்த வீட்டில் கோட் இருந்தது மூன்றே பேருக்கு.

"அத்தைதான் எதையாவது அமுக்கி வெச்சிருப்பாங்க," என்றான். "எப்பவும் அமுக்கிக்கிட்டேதானே இருப்பாங்க."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. செத்தவர் தலையில் கட்டினால் கேட்க ஆளில்லை. மனைவி மஞ்சள் புள்ளியை விரலால் ஒரு தரம் தொட்டாள். பிறகு, அம்மாவின் கோட் எனக்குத் தெரியும், இப்போது அசதியாக இருக்கிறது, நாளைக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மாவின் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அங்கேதான் படுக்கிறாள். கதவு ஒருக்களித்துச் சாத்திக்கொண்டது. 'அம்மா' விளக்கு ஒரு தரம் எரிந்து அணைந்தது.

நாளைக்கு அந்தக் கோடையும் பெட்டி மறுத்துவிடும். அப்புறம் மிச்சமிருப்பவன் ஒருவன்தான். இன்றைக்கே, இப்போதே, அவள் தூங்கியதும் தன் கோடைப் போட்டு மஞ்சள் புள்ளியை அணைத்துவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. அவன் விளக்கைப் போடாமல் கூடத்தில் காத்திருந்தான். ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. எங்கோ ஒரு நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு, வேறெதையோ கண்டதைப் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டது. மனைவி புரண்டு படுக்கும் சத்தம் நின்று, மூச்சு சீரான பிறகு, அடிமேல் அடி வைத்துப் போய்க் கீபேடின் முன்னால் நின்றான். பச்சை வெளிச்சத்தில் தன் விரலே யாருடைய விரலோ போலத் தெரிந்தது. முதல் எண்ணை அழுத்தினான். இரண்டாவது. மூன்றாவது.

பின்கதவு விளக்கு சிவந்தது.

பின்கதவின் கம்பி இப்போது பெட்டியில் இல்லை. அவனே கழற்றிவிட்டான். அங்கே முடுக்கியிருப்பது விரல் நீளத் துண்டுக் கம்பி. அது எந்தக் கதவுக்கும் போகவில்லை.

கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. தாழ்ப்பாளின் சத்தமும் வரவில்லை. பாசி வாடைதான் முதலில் வந்தது. பாதத்தில் ஒரு குளிர்காற்று தவழ்ந்தது.

இன்னும் ஒரே ஒரு எண். அழுத்தினால் சத்தம் திரும்பிவிடும். அழுத்தினால் அந்த 'டிங்' கேட்கும். அதற்குப் பின்னால் வழக்கமாக வருவதும் கேட்கும். கடைசிப் பொத்தானின்மேல் நின்ற விரல் இறங்க மறுத்தது. கேட்க மாட்டேன், கேட்க மாட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான். அன்றைக்கும் அவன் கேட்டது இதைத்தான். சத்தம் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

சமையலறை விளக்கு எரிந்தது.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரக்கால் தரையில் பதிந்து பிரியும் ஓசை. மெதுவாக. ஒன்று. இன்னொன்று.

சமையலறை விளக்கு அணைந்தது. கூடம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அசைவது தானில்லை. தான் இல்லவே இல்லை. முதுகுக்குப் பின்னால் எதுவோ கடந்துபோனது. சட்டையின் ஓரம் நனைந்தது.

கூடம் அணைந்தது.

'அம்மா' விளக்கு எரிந்தது.

ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் கட்டில் முனகியது. மனைவியின் குரல், தூக்கக் கலக்கத்தில், "யாரு, நீங்களா?" என்று கேட்டது.

சொல். நானில்லை என்று சொல். எழுந்து ஓடி வா என்று சொல். உதடு ஒட்டிக்கொண்டது.

"நான்தான்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

பிறகு மனைவி பேசினாள். எத்தனையோ நாளாக அவன் கேட்காத நிம்மதி அவள் குரலில் இருந்தது.

"வாம்மா. எப்ப வந்த? கதவு தொறந்த சத்தமே கேக்கலயே."

"மாப்பிள்ள தூங்கணுமாம். நிறுத்தி வெச்சிட்டாரு."

மனைவி அழவில்லை. கட்டில் மறுபடி முனகியது. இரண்டு ஜோடிப் பாதங்கள் தரையில் இறங்கின. ஒரு ஜோடி ஈரம். ஒருக்களித்த கதவின் அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து அவன் கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

'அம்மா' விளக்கு அணைந்தது.

கூடத்து விளக்கு எரிந்தது. அவன் அசையவே இல்லை.