மச்சான் கொடுத்த பை

பையிலிருந்து பால் வாடை வந்தது. பால் பவுடர் வாடை அல்ல. கைக்குழந்தையின் வாயோரம் ஒழுகிக் காய்ந்து புளித்த வாடை.

ஆசிக் கோலாலம்பூரிலிருந்து பரங்கிப்பேட்டை வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகிறது. புறப்படும்போது அங்கே விமான நிலையத்தில் அந்தப் பையைக் கொடுத்தவன் மனைவியின் அண்ணன் அப்துல்லா. “பிஸ்கட்டும் தைலமும்தான் மச்சான்” என்றான். ஊர் திரும்புகிறவன் நாலு வீட்டுச் சாமானைச் சுமப்பது வழக்கம். அதை, அதுவும் மச்சான் பையை, பிரித்துப் பார்ப்பது மானங்கெட்ட வேலை. அவன் பிரிக்கவில்லை.

மருந்து வாங்க மனைவி ஷாசியா சிதம்பரம் போயிருந்தாள். நேற்றுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த மகள் சாய்ரா உள்ளறைத் தூளியில் தூங்கினாள். வெளியே அடைமழை, கரண்ட் இல்லை. மாலைக்குள்ளேயே வீடு இருண்டு, சுவரெல்லாம் ஈர இலை வாசம் அடித்தது.

பை அசைந்தது.

ஜிப்பைத் திறந்தான். இரண்டு காலுறைகள். ஒவ்வொன்றிலும் கன்னங்கரேலென்று ஒரு குரங்குக் குட்டி. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, உச்சிமயிர் மட்டும் சிலிர்த்து நின்றது. ஒன்று விறைத்துப் போயிருந்தது. மற்றது அவன் விரலைப் பற்றிக்கொண்டது.

அப்துல்லாவுக்குப் போன் போட்டான்.

“பிரிச்சிட்டியா மச்சான்? ஒரே ஒரு தீவுலதான் இந்த ஜாதி இருக்கு. அதுவும் அழிஞ்சிட்டு வருது, அதான் கிராக்கி ஜாஸ்தி.”

“மாட்டியிருந்தா ஜெயிலுக்கு நான்தானடா போயிருப்பேன்?”

ஆசிக் தன் விரலைப் பற்றியிருந்த குட்டியைப் பார்த்தான்.

“இதுங்களோட தாய்?”

“சுட்டாத்தான் குட்டிய விடும்.”

ஷாசியாவைக் கூப்பிட்டான். அவள் குரலில் பதற்றமே இல்லை. “சொன்னா நீங்க கொண்டாருவீங்களா? வாங்குற ஆளக் கூட்டிட்டுதான் வந்துட்டிருக்கேன். பைய மூடி வைங்க.”

கட்டினவளும் அவள் கூடப்பிறந்தவனும் சேர்ந்து அவன் தலையில் மிளகாய் அரைத்திருந்தார்கள். இந்த வீட்டில் தன்னை ஏமாற்றாதது அந்தப் பச்சைக் குழந்தை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளறையில் தூளிக் கயிறு முனகியது.

தூங்குகிற பிள்ளை தானாக ஆட்டிக்கொள்ளாது. கையிலிருந்த குட்டி தலையைத் தூக்கி, அந்தப் பக்கம் பார்த்துக் கீச்சிட்டது.

எழுந்தான். ஈர மயிரின் நாற்றம். அதற்கடியில் வெடிமருந்து.

தூளி தரையைத் தொடுமளவு கனத்துத் தொங்கியது. சேலை விளிம்பில் கறுத்த நீள விரல்கள். மெதுவாக விலக்கினான்.

தாய்க் குரங்கு. அதன் நெஞ்சில் குண்டு துளைத்த ஓட்டை. அதற்குப் பக்கத்தில் சாய்ராவின் கன்னம். விழித்திருந்தாள். அழவில்லை.

“சாய்ரா... அத்தாகிட்ட வாம்மா.”

மகள் அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, அந்தக் கறுத்த மயிருக்குள் புதைத்துக்கொண்டாள்.